உபசாரம்

தில்லியின் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் மொழிப்புலக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகை, ஆண்டின் பத்து மாதங்கள் பழைய கருத்தரங்குச் சுவரொட்டிகளைச் சுமந்துகொண்டு நிற்கும். ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் அது உயிர்பெறும். நூலக அறிமுகம், கருத்துத் திருட்டைத் தவிர்ப்பது பற்றிய பயிலரங்கு, உளவள ஆலோசகருடன் ஒரு மாலை, உதவித்தொகை விண்ணப்பங்களுக்கான உதவி மேசை, குறைதீர் ஆங்கில வகுப்பு என்று தாளின்மேல் தாளாக ஒட்டப்படும். இந்த வாரமும் ஒட்டப்பட்டிருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர்கள் பெட்டியைக்கூட விடுதி அறையில் முழுமையாகப் பிரிக்காமல் வந்து, அவற்றைக் கைபேசியில் படமெடுத்துச் செல்கிறார்கள். படமெடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த அறைகளுக்குப் போவார்கள் என்பது வேறு கணக்கு.

சென்ற ஆண்டு இதே பலகையின் முன் ஒரு மாணவன் நெடுநேரம் நின்றான். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மொழியியல் முதுகலை படிக்க வந்தவன். பள்ளியிலும் அரசு கலைக் கல்லூரியிலும் தமிழ்வழியில் படித்தவன். அவன் வீட்டில் கல்லூரியை எட்டிப் பார்த்த முதல் ஆள் அவன்தான். தேவநாகரி எழுத்துகளை ஊரிலேயே ஒரு கையேட்டை வைத்துக் கற்றுக்கொண்டிருந்தான். பொருள் தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவான். மத்திய அரசு நிறுவனங்களின் பொது அறிவிப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரவேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டத்தின் வழி வந்த நடைமுறை. ஆங்கிலத் தாளின் மேல் வேறொரு தாள் ஒட்டப்பட்டிருந்ததால் அவன் கண்ணில் பட்டது இந்தித் தாள் மட்டுமே. அதில் 'உபசாராத்மக்' என்றொரு சொல்லையும் அதற்கடுத்து 'வகுப்புகள்' என்று பொருள்படும் சொல்லையும் அவன் எழுத்துக்கூட்டினான். உபசாரம் என்ற சொல் அவனுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது. கல்யாண வீட்டில் பந்தியில் விசாரிப்பது. புதிதாக வந்தவர்களை வரவேற்கப் பல்கலைக்கழகம் ஏதோ செய்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டான். தேநீர் இருக்கும் என்றும் எதிர்பார்த்தான்.

இந்தியில் அச்சொல்லுக்கு மருத்துவச் சிகிச்சை என்று பொருள். 'ரெமிடியல்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதில் பிழையும் இல்லை. ஆங்கிலச் சொல்லே மருந்தைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். வடமொழியில் 'உபசார' என்பது பணிவிடை, மரியாதை, சிகிச்சை ஆகிய மூன்றையும் குறிக்கும். கோயிலில் இறைவனுக்குச் செய்யும் பதினாறு வகை உபசாரங்களும் அந்தச் சொல்தான். தமிழ் விருந்தோம்பலை எடுத்துக்கொண்டது. இந்தி, அன்றாட வழக்கில், மருந்தை எடுத்துக்கொண்டது. ஒரே சொல் இரு மொழிகளில் இப்படிப் பிரிந்து நடப்பது மொழியியல் மாணவருக்குப் புதிதல்ல. அந்தப் பிரிவின் நடுவே ஒருவன் தன் முதல் வாரத்தில் போய் நிற்பதுதான் அரிது.

வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில் மூன்று மணிக்கு. கண்ணாடிக் கதவுள்ள அறை; எதிரே தேநீர்க் கடை. உள்ளே தேநீர் இல்லை. வாசலில் ஒரு பதிவேடு இருந்தது. பெயர், துறை, சேர்க்கை எண், அதற்கடுத்த கட்டத்தில் சாதிப் பிரிவு. இப்பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கென ஒதுக்கப்படும் நிதி உரியவர்களுக்குத்தான் போகிறது என்று காட்டுவதற்கு அந்தக் கட்டம் தேவை என்பார்கள். நிர்வாகக் கணக்கில் அது நியாயமே. வரிசையில் பின்னால் நிற்பவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க, அதை நிரப்பி உள்ளே போக வேண்டியவருக்கு அது வேறு கணக்கு. முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் மூன்று பேர். அவன் நான்காம் வாரம் கதவு வரை போனான். உடன் படிக்கும் இருவர் தேநீர்க் கடையிலிருந்து அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர்கள் நல்ல நண்பர்கள். ஏளனமாக எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனாலும் அவன் தண்ணீர் குடிக்க வந்தவன்போல் குடிநீர்க் குழாய்வரை நடந்து திரும்பிவிட்டான்.

போயிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது என்பது தனிக் குறை. அங்கே கோடிட்ட இடங்களை முன்னிடைச் சொற்களால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அந்த இலக்கணம் ஓரளவு தெரியும். அவனுக்குத் தெரியாதது, பதினாறு பக்கக் கட்டுரை ஒன்றில் ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லுமிடம் எது, மறுப்பதற்காகப் பிறர் கருத்தை எடுத்துரைக்குமிடம் எது என்று கண்டுகொள்வது. அதைச் சொல்லித்தரும் வகுப்பு பலகையில் எந்தத் தாளிலும் இல்லை. அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று பல்கலைக்கழகம் நம்புகிறது. வேறொரு சிக்கலும் இருந்தது. உதவித்தொகைக்கான போனஃபைட் சான்றிதழ் வழங்கும் சன்னல் திறந்திருப்பதும் மூன்றிலிருந்து நான்கு மணி வரைதான்.

செப்டம்பர் இறுதியில் அவனுடைய முதல் கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: 'மொழி', பக்கத்தில் ஒரு வியப்புக்குறி. மொழியியல் துறையில் அது எதை வேண்டுமானாலும் குறிக்கலாம். அடுத்த கட்டுரையில் அவன் பாதுகாப்பாக இருக்க விரும்பி, நூல்களில் இருந்த வாக்கியங்களையே அதிகம் எடுத்தாண்டான். மென்பொருள் ஒப்புமையை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் காட்டியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் ஆய்வேடுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை என்கின்றன. பத்து முதல் நாற்பது, நாற்பது முதல் அறுபது, அதற்கும் மேல் என்று படிநிலைகள் உண்டு. முதுகலை வகுப்புக் கட்டுரைக்கும் ஆசிரியர்கள் அதே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். பயிலரங்கில் அந்தப் படிநிலைகள் தெளிவான அட்டவணையாகக் காட்டப்பட்டன. திருடுவதற்காக எடுப்பவரையும், சொந்த வாக்கியத்தின் மீது நம்பிக்கை இழந்து எடுப்பவரையும் அட்டவணை பிரித்துக் காட்டாது. காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் மிகைதான். ஆனால் அட்டவணைக்குப் பின் நின்று பேசுபவர் அதைக் காட்டலாம்.

ஆலோசகரிடம் அவன் ஒருமுறை போனான். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்கென நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்றது. இங்கே ஆலோசகர் இருந்தார், கனிவானவரும்கூட. அவர் ஆங்கிலத்தில் கேட்டார், பிறகு இந்தியில் கேட்டார். அவன் "ஃபைன் மேடம்" என்றான். 'ஒரு மாதிரியா இருக்கு' என்பதை அவனால் எந்த மொழிக்கும் பெயர்க்க முடியவில்லை. அந்தத் தொடர் துயரம் என்று சொல்லவில்லை, பயம் என்றும் சொல்லவில்லை. எதுவென்று தெரியாத நிலையையே அது சொல்கிறது. தேசியத் தொலைபேசி உதவி எண்ணான 14416இல் தமிழில் பேசலாம். அந்த எண்ணைத் தாங்கிய தாளும் பலகையில் இருந்தது. தமிழில் பேசலாம் என்ற செய்திதான் அதில் இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று அவன் முடிவுசெய்தான். மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் எழுதி வைத்தான். அவன் எழுதிய ஆங்கிலத்திலேயே பிழையற்றது அதுதான் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியலில் கிடைத்த சீட்டு கடைசிவரை உறுதியாகவில்லை. அந்தப் பருவத்தில் அவனைப் பல்கலைக்கழகத்தில் நிறுத்திவைத்தது எந்த மாணவர் நல அமைப்பும் அல்ல, ரயில்வேயின் இடப் பற்றாக்குறை.

அக்டோபர் 20 தீபாவளி. விடுதி காலியாகி, மெஸ் அரைப்பங்காகச் சுருங்கியிருந்த அந்த வாரத்தில், துறையின் ஆய்வாளர் ஒருவர் அவனைத் தாபாவில் தனியாக உட்கார்ந்திருக்கக் கண்டார். பாலக்காட்டுப் பெண், தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர். அவன் முன்னால் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய இரட்டை வழக்கு பற்றிய கட்டுரையின் நகல் இருந்தது. மூன்று முறை படித்தும் புரியவில்லை என்றான்.

"இங்கிலீஷ விடு. உங்க ஊர்ல எப்பிடிப் பேசுவீங்க, பள்ளிக்கூடத்துல எப்பிடி எழுதுனீங்க, அத மட்டும் சொல்லு."

"அது தெரியும்க்கா. வீட்டுல பேசற மாதிரி எழுதுனா வாத்தியார் அடிப்பாரு. எழுதற மாதிரி வீட்டுல பேசுனா ஆயா சிரிக்கும்."

கட்டுரையின் உள்ளுறை அதுதான். உயர்வழக்கு, தாழ்வழக்கு என ஃபெர்குசன் பிரித்துக் காட்டுவதில் அவன் பிறந்ததிலிருந்து வாழ்ந்துவந்திருக்கிறான். அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்ட்டிக் கிரியோல் என்று ஆசிரியர் விரித்துரைக்கும் நான்கும் அவனுக்கு அந்நியமாக இருந்தன. அவற்றின் நிழல் தன் வீட்டுத் திண்ணையிலேயே விழுந்திருப்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இருவரும் அன்று நான்கு மணிநேரம் ஒவ்வொரு பத்தியாகப் படித்தார்கள். எங்கே ஆசிரியர் பேசுகிறார், எங்கே பிறரைப் பேசவைக்கிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தார்கள்.

மாலையில் அவன் ஒரு கேள்வி கேட்டான். உயர்வழக்கை எவரும் அன்றாடப் பேச்சுக்குப் பயன்படுத்துவதில்லை என்பது ஃபெர்குசனின் வரையறையில் ஒரு முக்கியக் கூறு. செந்தமிழைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்தவர் யாருமில்லை; பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் அதைப் பள்ளியில்தான் கற்கவேண்டும். பண்ணையார் மகனுக்கு வீட்டில் புத்தகம் இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பேசிப் பழகிய மொழியாக அது இருவருக்கும் இல்லை. "அப்பிடின்னா இந்த கேம்பஸ்ல இங்கிலீஷ் எச் கிடையாதுல்லக்கா? சில பேரு வீட்டுலயே அதத்தான பேசறாங்க."

ஆய்வாளர் சற்று நேரம் பேசவில்லை என்பார்கள், அன்று தாபாவில் இருந்தவர்கள். அவனுடைய பருவக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது. அது அற்புதமான கட்டுரை அல்ல. சுமாரான மதிப்பெண்தான் வந்தது. ஆனால் ஒப்புமை ஏழு விழுக்காடு. விண்ணப்பம் மேசை அறைக்குள்ளேயே கிடந்தது.

அவன் கேள்வி பலகையில் உள்ள எல்லாத் தாள்களையும் தொடுகிறது. எல்லாரும் புதிதாகக் கற்கவேண்டிய ஒன்றைச் சொல்லித்தருவதற்குப் பெயர் பாடம். சிலருக்கு இருந்து சிலருக்கு இல்லாததைத் தருவதாக அறிவித்தால் அது சிகிச்சையாகிறது, வருபவர் நோயாளியாகிறார். ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் கலை உண்மையில் முதல் வகையைச் சேர்ந்தது. ஆங்கிலம் வீட்டுமொழியாக உள்ளவர்களும் அதில் தடுமாறுகிறார்கள், தடுமாறுவது வெளியே தெரியாத உச்சரிப்பில். அதற்காகச் சாதியாலும் மொழியாலும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கென ஒதுக்கீடாக வரும் நிதியை எல்லாருக்கும் பொதுவாக்கிவிடலாம் என்று சிலர் பாய்ந்து வருவார்கள். அது கயமை. நிதி அவர்களுக்கே உரியது, அவமானத்தைத்தான் நீக்கவேண்டும். 2007இல் எய்ம்ஸ் மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாடு குறித்துச் சுகதேவ் தோரட் குழு அறிக்கை அளித்த நாளிலிருந்து, உதவி இருப்பது வேறு, அது எவ்வாறு தரப்படுகிறது என்பது வேறு என்று தெரிந்துதான் இருக்கிறது.

இந்த ஆண்டு பாலக்காட்டு ஆய்வாளரும் வேறு இருவரும் 'சேர்ந்து வாசித்தல்' என்ற பெயரில் ஒரு நிகழ்வுக்கு அனுமதி கேட்டார்கள். வாரம் ஒரு கட்டுரை, இரண்டு மணிநேரம். ஆசிரியர்களும் தங்களுக்குப் புரியாத ஒன்றை எடுத்துவந்து உட்கார வேண்டும். அலுவலகத்தில் ஜூலை முழுவதும் கோப்பு நகர்ந்தது. நேரம் ஐந்து மணிக்கு மாறியது. சான்றிதழ்ச் சன்னல் அதற்குள் மூடிவிடும். கண்ணாடிக் கதவு அறைக்குப் பதில் நூலகத்தின் பின்கூடம் கிடைத்தது. சாதிப் பிரிவுக் கட்டம் வாசலிலிருந்து விலகியது. சேர்க்கை எண்ணை வைத்து அலுவலகமே தன் ஆவணத்திலிருந்து அதை நிரப்பிக்கொள்ளும். இதைச் செய்யமுடியும் என்று கண்டுபிடித்தவர் அங்குள்ள எழுத்தர். பேராசிரியர் எவரும் அல்ல. பெயரை மட்டும் மாற்றமுடியவில்லை. கணக்குத் தலைப்பு 'ரெமிடியல்' என்றிருப்பதால் தாளிலும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நிதிப்பிரிவு சொல்லிவிட்டது.

அதனால் பலகையில் இந்தித் தாள் மீண்டும் 'உபசாராத்மக்' என்ற சொல்லோடு ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் அமர்வு வரும் செவ்வாய் மாலை. வாசிக்கவிருப்பது ஃபெர்குசன் கட்டுரை. தொடங்கிவைப்பவன் இரண்டாமாண்டு மாணவன், தருமபுரிக்காரன். தாளின் அடியில் பென்சிலால், தமிழ் எழுத்தில், யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'டீ உண்டு.'