எட்டு கிலோ குட்டி, அறுபது கிலோ நாய்

ஸ்கூபி டூ பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'கிரேட் டேன்' என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நாயைத் தெரியும். ஆள் உயரம், சாப்பாட்டு ராமன், நிழலைக் கண்டாலே ஓட்டம். 1969-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தக் கார்ட்டூனின் நாயகன் கிரேட் டேன் இனம்தான். பெயரில் டென்மார்க் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஊர் என்னவோ ஜெர்மனி. நல்லா வளர்ந்த ஆண் நாய்க்குத் தோள் உயரமே 80 சென்டிமீட்டருக்குக் குறையாது. எடை 60 கிலோவைத் தாண்டும்.

ஆனால் யாரும் 60 கிலோ நாயை வாங்குவதில்லை. இரண்டு மாதக் குட்டியைத்தான் வாங்குகிறார்கள். அது 8 கிலோ இருக்கும். காது தொங்கிக்கொண்டு, பாதம் மட்டும் பெரிசாக, மடியில் படுத்துத் தூங்கும். அந்த நேரத்தில் எந்த வீடும் அதற்குப் போதும் என்றுதான் தோன்றும். சிக்கலே அங்கேதான். மனிதக் குழந்தை பிறந்த எடையைப் போல 20 மடங்கு ஆக 18 வருஷம் எடுத்துக்கொள்கிறது. இது அரைக் கிலோ, முக்கால் கிலோவில் பிறந்து ஒரே வருஷத்தில் 50 கிலோவை நெருங்குகிறது. ஆக, வீட்டைத் தயார் செய்ய வேண்டியது குட்டிக்காக அல்ல, அடுத்த வருஷம் அதே வாசலில் நிற்கப்போகும் நாய்க்காக.

அதுவும் ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று உப்புக்காற்று அடிக்கும் ஊரில் என்றால் கணக்கே வேறு. இணையத்தில் கிடைக்கும் 'நாய் வாங்கும் முன்' பட்டியல்கள் எல்லாம் குளிர் நாட்டு வீடுகளுக்காக எழுதியவை. மெத்தை வாங்கு, கூண்டு வாங்கு, பொம்மை வாங்கு என்று போகும். தண்ணீர், வெக்கை, தூரம் இந்த மூன்றும் அதில் இருக்காது.

முதலில் தண்ணீர். நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 மில்லி என்பது பொதுக் கணக்கு. 60 கிலோவுக்கு 3 லிட்டர். வெயில் நாளில் இன்னும் கூடும். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் நான்கைந்து நாளுக்கு ஒரு குடம் அதற்குக் குடிக்க மட்டும் போய்விடும். இது ஒன்றும் பெரிய அளவு இல்லையே என்று கேட்கலாம். தஞ்சாவூரில் இல்லைதான். கிணற்றைத் தோண்டினால் உப்பு நீர் வருகிற ஊரில், காவிரிக் கூட்டுக் குடிநீர் எப்போது வரும் என்று குழாயடியில் குடத்தை வரிசையில் வைக்கிற தெருவில், தள்ளுவண்டியில் குடம் தள்ளுகிற வீட்டில் அது பெரிய அளவுதான். குளிப்பாட்டுகிற தண்ணீர் தனி. அந்த நாலு குடத்தை யார் தூக்குவது என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிகமானால் உயிருக்கே ஆபத்து. கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர் கையில் நல்ல தண்ணீர் பாட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வெக்கை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம், அதனால் எவ்வளவு இரைத்தாலும் பலன் குறைவு. உடம்பு பெரிசாக இருந்தால் உள்ளே சேரும் சூடு வெளியே போகவும் நேரமாகும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் அவசரம்.

இதற்கு ஏசி வாங்கினால்தான் ஆச்சு என்று பலர் நினைக்கிறார்கள். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். ஆனால் இந்த மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. மாடியில் தகரக் கொட்டகை போட்டு அதற்குள் நாயைக் கட்டுவது அடுப்பில் வைப்பதற்குச் சமம். அதே இடத்தில் தரையோரம் வேப்ப மரத்தடியில் பனையோலைக் கொட்டகை போட்டு, நாலு பக்கமும் காற்று வர விட்டால் செலவும் குறைவு, சூடும் குறைவு. படுக்கைக்கு மெத்தை வேண்டாம். வெயிலுக்கு நாடாக் கட்டில் மாதிரி ஒன்று இல்லை. அடியிலும் காற்று போகும். அவ்வளவு எடையோடு சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் காய்ப்பு விழுவதும் குறையும். என்ன, கட்டிலின் கால் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும் :-)

கட்டில் உயரமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் தரையோரக் கொட்டகை நாயின் இடமாக இருக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் அறுபது கிலோவையும் எங்கே வைப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைத் தாத்தா, அப்பத்தா வாயால் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது கட்டுகிற வீடெல்லாம் பளபளவென்று டைல்ஸ். வளரும் பெரிய நாய்க்கு அதில் கால் வழுக்கும். இடுப்பு மூட்டு ஏற்கெனவே பலவீனமான இனங்கள் இவை. அது நடமாடும் வழியில் மட்டுமாவது தென்னைநார் மிதியடியோ ரப்பர் பாயோ விரிக்க வேண்டும். மாடிப்படிக்கு ஒரு சின்னக் கதவு. வெளியே வந்தால் சீமைக் கருவேல முள். பாதத்தில் ஏறினால் எடுக்கும் வரை அது நடக்காது, அதைத் தூக்கவும் முடியாது. கேட் கீலும் சங்கிலியும் உப்புக்காற்றில் துருப்பிடித்து இற்றுப்போகும். பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஒரு பூனை குறுக்கே ஓடட்டும், அப்போது தெரியும்.

கடற்கரை என்றதும் எல்லோருக்கும் நாய் அலையில் ஓடுகிற படம்தான் மனசில் வரும். கரையில் கிடப்பதை யாரும் நினைப்பதில்லை. வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் கிடக்கும். அதன் விஷம் சமைத்தாலும் போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. திருக்கை வாலின் முள் இருக்கும், சொறி ஒதுங்கியிருக்கும். மோந்து பார்ப்பதும் வாயில் போடுவதும் குட்டிக்கு ஒன்றுதான். 'வேண்டாம், போடு' என்று சொன்னால் வாயில் இருப்பதைக் கீழே போடப் பழக்குவது கை கொடுக்கப் பழக்குவதைவிட முக்கியம். அதை 8 கிலோ இருக்கும்போதே பழக்க வேண்டும். 60 கிலோ ஆன பிறகு அது சொல்வதைத்தான் வீடு கேட்கும்.

சாப்பாட்டுக்கு வரலாம். 60 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,400 கலோரி. அதாவது வீட்டில் இன்னொரு பெரிய ஆளுக்கு உலை வைக்கிற மாதிரி. பூச்சி மருந்து, உண்ணி மருந்து, மயக்க மருந்து எல்லாமே எடைக் கணக்கு. சின்ன நாய்க்கு ஒரு மாத்திரை என்றால் இதற்குப் பல மாத்திரை. குட்டியின் விலை ஒருமுறைச் செலவு. அதைத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். மாதாமாதம் வருகிற செலவோடு யாரும் பேரம் பேச முடியாது.

இதில் ஒரு விசித்திரம். பெரிய நாயாச்சே, எலும்பு வலுவாகட்டும் என்று பலர் கால்சியம் டானிக்கை ஊற்றுகிறார்கள். அது நேர்மாறான பலனைத் தரும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே ஆராய்ந்தார்கள். அதிகக் கால்சியம் கொடுத்த குட்டிகளின் எலும்பு வளர்ச்சிதான் கெட்டது. சிறு குட்டிகளுக்குத் தேவைக்கு மேல் வருகிற கால்சியத்தைக் குடல் தடுத்து நிறுத்தத் தெரியாது. வேகமாக வளர வைப்பது பெருமை அல்ல. மெதுவாக, மெலிவாக வளர விடுவதுதான் மூட்டுக்கு நல்லது.

மூன்றாவது தூரம். இதுதான் யாரும் கணக்கில் எடுக்காதது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஒரு ஆபத்து உண்டு. அதில் முன்வரிசையில் நிற்பது கிரேட் டேன். வயிறு மத்தளம் மாதிரி உப்பும், வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது, எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் அலையும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ராத்திரி 11 மணிக்கு ராமேஸ்வரத்தில் இது நடந்தால்? தீவை விட்டு வண்டி வெளியேற 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், மதுரை 170 கிலோமீட்டர். சாதாரண நோய்க்கு உள்ளூர்க் கால்நடை மருந்தகம் இருக்கிறது. நடுராத்திரியில் பெரிய நாயின் வயிற்றைத் திறந்து தைக்கிற இடம் எது, போன் எடுப்பார்களா, யார் வண்டி வரும் என்பதைக் குட்டி வருவதற்கு முந்தின வாரமே விசாரித்து சுவரில் எழுதி வைக்க வேண்டும். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகச் சோறு வைப்பது, தின்றவுடன் ஓட விடாமல் இருப்பது, கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்பது எல்லாம் அந்த ராத்திரியைத் தள்ளிப்போடும் வழிகள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளின்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். 2024-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத சில இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்றது. செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து, திபெத்திய மாஸ்டிஃப், சைபீரியன் ஹஸ்கி எல்லாம் அதில் இருந்தன. செயின்ட் பெர்னார்ட் ஆல்ப்ஸ் மலையில் 2,400 மீட்டருக்கு மேல் இருக்கும் கணவாய் மடத்தில் பனியில் சிக்கியவர்களைத் தேட வளர்த்த நாய். அதைக் கொண்டுவந்து கீழக்கரையில் கட்டினால் அது என்ன பாவம் செய்தது? கிரேட் டேன் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ரோமம் குட்டை, ஓரளவு தாங்கும். அதனால் முடிவு அரசாங்கத்திடம் இல்லை, வாங்குகிறவரிடம் இருக்கிறது.

அந்த வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் கல்லூரிப் பையன். 'மாப்ள, குட்டி பாருடா' என்று போட்டோ காட்டுவான். வீட்டில் சண்டை போட்டு வாங்கி வருவான். ராமநாதபுரத்துப் பையன் படிப்பு முடிந்து என்ன செய்வான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சென்னை, திருப்பூர், துபாய், சிங்கப்பூர் என்று எங்கேயாவது போவான். கிரேட் டேன் ஏழு முதல் பத்து வருஷம் வாழும். உலகிலேயே உயரமான நாய் என்று கின்னஸில் ஏறிய அமெரிக்காவின் 'ஜீயஸ்' 2014-ல் இறந்தபோது அதற்கு 5 வயதுதான். அந்தக் கொஞ்ச ஆயுளிலும் பாதியில் பையன் விமானம் ஏறிவிடுவான். மிச்சம் இருப்பது அம்மாவும் அறுபது கிலோ நாயும். அம்மாவின் எடை ஐம்பது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் போனால் யார் யாரை நடத்திப் போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்கே குழப்பம் வரும்.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. கடைசியில் நாய் நாள் முழுக்க சங்கிலியில் கிடக்கும், இல்லையென்றால் 'நல்ல இடமாப் பார்த்துக் கொடுத்துரலாம்' என்று கை மாறும். அந்த வயதில் அவ்வளவு பெரிய நாய்க்கு நல்ல இடம் சுலபத்தில் கிடைப்பதில்லை. நாய்க்கு இடம் மாறியது தெரியும். ஏன் என்று தெரியாது.

ஆகவே தயார் செய்ய வேண்டியவற்றில் கொட்டகை, கட்டில், கேட் எல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் தயாராக வேண்டியது வீட்டில் கடைசி வரை இருக்கப்போகிற ஆள். தண்ணீர் தூக்கப்போவது அவர், உலை வைக்கப்போவது அவர், நடுராத்திரி வண்டிக்குப் போன் பண்ணப்போவது அவர். குட்டியின் போட்டோவைக் காட்டி அவரிடம் சம்மதம் வாங்குவது ஏமாற்று வேலை. வளர்ந்த கிரேட் டேன் இருக்கும் வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போய், கயிற்றைக் கையில் கொடுத்து, பத்து நிமிஷம் நடக்கச் சொல்லிப் பிறகு கேட்க வேண்டும். 'யாத்தே, வேணாம்ப்பா' என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் இதே வெயிலில் வளர்ந்த ராஜபாளையம் இருக்கிறது, சிப்பிப்பாறை இருக்கிறது. அவற்றுக்கும் ஓட இடம் வேண்டும், பொறுப்பு வேண்டும். ஆனால் வெக்கையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எதுவுமே வேண்டாம் என்றால் தெருமுனையிலேயே ஒன்று, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

அவர் கயிற்றைத் திருப்பிக் கொடுக்காமல், 'இது பேரு என்னப்பா?' என்று நாயின் தலையைத் தடவிக்கொண்டு கேட்டால், பனையோலைக்குச் சொல்லிவிடலாம்.