வேகாஸில் நான் விட்டது ஒன்பது டாலர்!

லாஸ்வேகாஸுக்குப் போய், ஒரு பைசா வைத்து ஆடாமல் திரும்பிய ஆசாமியைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், இதோ அடியேன் ஆஜர்!

லாஸ் ஏஞ்சல்ஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மச்சினன், "ரெண்டு நாள் லீவுதானே அத்தான், வேகாஸ் போயிடலாம்" என்று சனிக்கிழமை விடியற்காலையில் காரைக் கிளப்பிவிட்டான். நானூறு கிலோமீட்டருக்கு மேல். முக்கால்வாசி பாலைவனம். வழியில் பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர்! பக்கத்து டெத் வேலியில் 1913-ல் பதிவான 134 டிகிரி வெயிலின் ஞாபகார்த்தமாம். கத்திரி வெயிலைப் பற்றி இனி நான் மூச்சு விடுவதாக இல்லை.

"சுத்துங்க, சாப்பிடுங்க. சீட்டு, சக்கரம்னு போனீங்க..." என்று மனைவி போனில் பாதியில் நிறுத்தினாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். காரணம், அப்பா.

அப்பாவுக்கு லாட்டரி. மதுரை பஸ் ஸ்டாண்டு வாசலில் சீட்டு வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் வைப்பார். "இந்த நம்பர் வந்து நாளாச்சு. இனி வந்துதானே ஆகணும்?" என்பார். வரவில்லை. அம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போயின, அவையும் வரவில்லை. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று அப்பா கேட்கவில்லை.

வேகாஸில் ரூமுக்குப் போக வேண்டுமா? காசினோ வழியாகப் போ. பாத்ரூமா? காசினோ வழியாகப் போ. உள்ளே ஜன்னலும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. ரூலெட் மேஜை ஓரமாக நின்று, படித்த பி.காமுக்கு மரியாதையாக ஒரு கணக்குப் போட்டேன். நான் பார்த்த சக்கரத்தில் 36 நம்பர், கூடவே ரெண்டு பூஜ்யம். ஆக 38 கட்டம். கட்டத்துக்கு ஒரு டாலர் வீதம் 38 டாலர் வைத்தால், எது விழுந்தாலும் கைக்கு வருவது 36தான். எல்லா நம்பரையும் வாங்கினாலும் ரெண்டு டாலர் நஷ்டம்!

"அந்த ரெண்டு டாலர்லதான் அத்தான் இந்த ஊரையே கட்டியிருக்கான்" என்றான் மச்சினன்.

பெலாஜியோ ஹோட்டல் வாசலில் பாட்டுக்கு ஏற்றபடி தண்ணீர் டான்ஸ் ஆடுகிறது. ஓசி! மூன்று தடவை பார்த்தேன். காபிக்குத்தான் ஒன்பது டாலர் அழ வேண்டியிருந்தது.

ராத்திரி தூக்கம் வராமல் கீழே இறங்கினேன். மணி ரெண்டு (என் வாட்சில்). ஸ்லாட் மெஷின் முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். பட்டனை அழுத்துமுன் ஒவ்வொரு தடவையும் மெஷினை வாஞ்சையாக ஒரு தடவு. அந்தத் தடவலை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து மெஷின் காலி. என் பாக்கெட்டில் ஒரு டாலர் நோட்டு. பொய் சொல்வானேன், விரல் அதைத் தொட்டுவிட்டது. ஒரே ஒரு தடவை... யாருக்குத் தெரியப் போகிறது?

பெரியவர் திரும்பிச் சிரித்தார். "உட்காரு தம்பி. அது கொடுத்து ரொம்ப நேரமாச்சு. இனி கொடுத்தாகணும்" என்றார் இங்கிலீஷில்.

லிஃப்டை நோக்கி நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன்? ஓடினேன்.

ஞாயிறு திரும்பும்போதுதான் அந்த வேடிக்கை. 1931-லேயே சூதாட்டத்துக்குச் சட்டம் போட்ட நெவாடாவில் மாநில லாட்டரி மட்டும் கிடையாதாம்! வேகாஸ்காரர்கள் காரெடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்து கலிபோர்னியாவில் சீட்டு வாங்குகிறார்கள். எல்லையை ஒட்டியே கடை. வாசலைத் தாண்டி நீளமான க்யூ.

"நிறுத்தட்டுமா அத்தான்?"

"ஓட்டுப்பா."

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் டான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்த லாட்டரிக்கடை வரிசையிலே ஆம்பளைங்க மட்டும்தானா?"

"இல்லேம்மா, குடும்பம் குடும்பமா நின்னாங்க."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பரவாயில்லே. வீட்டுக்குத் தெரிஞ்சு வாங்கறாங்க."