மகளைக் கேட்ட தந்தை

1928ஆம் ஆண்டுக் கோடை. மகள் முசூரி மலையில், தந்தை அலகாபாத்தில். பத்து வயது இந்திராவுக்கு நேரு கடிதங்கள் எழுதினார். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றவர் அல்லவா? பூமி பிறந்த கதையையும், உயிர்கள் படிப்படியாய் மாறிவந்த கதையையும் சொன்னார். உருண்டைக் கூழாங்கல்கூடத் தன் வரலாற்றைச் சொல்லும் என்று விளக்கினார். மறு ஆண்டே அவை நூலாயின.

அந்நூலைப் படித்தபின், குற்றாலத்தில் சிற்றாற்றங்கரையில், என் அக்காளின் பேத்தியிடம் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன். அருவியில் நீராடினால் பாவம் போகும் என்று கேட்டு வளர்ந்த சிறுமி. "இதை வழவழப்பாக்கியது யார், தாத்தா?" என்றாள். "தண்ணீர்தான்" என்றேன். "எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்?" பாவத்தை மறந்துவிட்டாள்!

நேருவின் கடிதங்கள் கற்பிப்பவை. பத்து வயதுக்கு அதுவே முறை. வளர்ந்த மகளுக்கு? அதற்கு, அந்த உயிர்களின் கதையை உலகம் ஏற்கும்படி நிறுவிய டார்வினிடம் செல்ல வேண்டும், தோழர்களே!

மனிதன் எதன் வழிவந்தவன் என்று ஆராயும் தம் நூலின் கையெழுத்துப் படியை, 1870இல், பிரான்சில் கான் நகரில் தங்கியிருந்த மகள் ஹென்ரியட்டாவுக்கு அவர் அனுப்பினார். மகளுக்கு வயது 26. நடையைத் திருத்து, தெளிவற்ற இடத்தைச் சுட்டிக் காட்டு என்று கேட்டார். 1871இல் நூல் வெளிவந்தது. நடையின் தெளிவை மதிப்புரைகள் பாராட்டின. அதற்கு உனக்கே கடன்பட்டிருக்கிறேன் என்று மகளுக்கு எழுதினார். 1875இல், உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வதற்கு எதிரான விண்ணப்பம் ஒன்றை மகள் அனுப்பியபோது, கையொப்பமிட மறுத்தார். அதட்டி அடக்கவில்லை, மறுப்பின் காரணங்களை நீண்ட கடிதமாக எழுதினார்.

டார்வினைத் தெய்வமாக்க நான் வரவில்லை. நமக்கு அந்தப் பழக்கம் ஆகாது. அவருடைய மகன்களில் நால்வர் கேம்பிரிட்ஜ் சென்றனர். மகள்களுக்கு வீட்டு ஆசிரியைகளே வாய்த்தனர். அதைவிட வேடிக்கை, அறிவாற்றலில் பெண்ணைவிட ஆணே உயர்நிலை எய்துகிறான் என்று அதே நூலில் எழுதியிருக்கிறார். அதைச் செப்பனிட்டதோ ஒரு பெண்ணின் பேனா!

1882இல் அவர் மறைந்தார். சாகும் தறுவாயில் மதத்திற்குத் திரும்பினார் என்றொரு கட்டுக்கதை பின்னர் பரவியது. 1922இல், 78 வயதில், ஹென்ரியட்டா அம்மையார் ஒரு கிறித்தவ இதழிலேயே அதை மறுத்தார். இறுதிப் படுக்கையருகே தாம் இருந்ததையும், அறிவியல் கருத்து எதையும் தந்தை கைவிடவில்லை என்பதையும் எழுதினார்.

இவற்றை அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள். மணமாகிப் போனபின், எங்கள் தந்தை தென்காசியிலிருந்து எழுதிய அஞ்சலட்டைகளை இன்றும் வைத்திருக்கிறாள். சாரல் தொடங்கிவிட்டது, மாமியார் மனம் கோணாமல் நட, ஆடிக்கு அழைக்க வருகிறேன். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் அட்டையிலும் ஒரு கேள்வி இல்லை.

கல் கையில் ஏந்திய அந்தப் பேத்தி, இன்று இளங்கலை முடித்துவிட்டு நிலவியலில் மேற்படிப்புக்கு ஆசைப்படுகிறாள். அவள் தந்தையோ மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டான்.

"மகள் போட்ட திருத்தத்தை அந்த மனிதர் ஏற்றுக்கொண்டாரா, தம்பி?" என்று அக்காள் கேட்டாள்.

"ஏற்றார், அக்கா. நன்றியும் எழுதினார்."

சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு தாளும் பேனாவும் கேட்டாள். படிப்பை ஏன் நிறுத்துகிறாய் என்று தன் மகனுக்கு இரண்டு பக்கம் எழுதி, பிழை பார்க்கும்படி பேத்தியிடம் நீட்டினாள்.