ஒரு ழ-வும் பல மொழிகளும்

போன மாதச் சுவர் இதழில் சிறுமலை வாழைப்பழம் பற்றிய கட்டுரையை எல்லோரும் நின்று படித்தீர்கள். இந்த மாதம் கணினி. "ஐயோ, போர்!" என்று நகர்ந்து போய்விடாதீர்கள். இதில் பூட்டும் வரும், என் அம்மாவும் வருவாங்க.

நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் என்று ஒரு பாடம் இருக்கிறது அல்லவா? படக்காட்சி செய்யும் மென்பொருள். இது இலவசம். அதோடு திறந்த மூல மென்பொருளும்கூட. அதாவது, உள்ளே எழுதியிருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். லிப்ரே ஆபீஸின் பெரும்பகுதி சி++ மொழியில் எழுதப்பட்டது. ஆனால் அதற்கு வெளியிலிருந்து பைத்தானில் கட்டளை கொடுக்கலாம், ஜாவாவிலும் கொடுக்கலாம். "இந்தச் சிலைடில் இந்த வார்த்தையைப் போடு" என்று எந்த மொழியில் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறது. ஒரு மொழிக்காரருக்கு இத்தனை மொழி எப்படிப் புரியும்? இதுதான் என் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் என் பெரியம்மா மகன். காந்திகிராமத்தில் கணினி படிக்கிறார். அவர் சொன்னதையும், நான் பார்த்ததையும் எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். என் தாத்தா நாகல் நகர்ப் பட்டறையில் பூட்டு வேலை பார்த்தவர். சாவிக்கு இன்னொரு சாவி வெட்டும்போது தாத்தா ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். "மூலச் சாவிய வச்சுத்தான் வெட்டணும் ஆத்தா. நகல வச்சு நகல் வெட்டுனா, ஒவ்வொரு தடவையும் அரம் கொஞ்சம் கொஞ்சமாத் தப்பும். நாலாவது சாவி பூட்டுக்குள்ள போகும், ஆனா திரும்பாது" என்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிப்ரே ஆபீஸிலும் ஒரு மூலச் சாவி இருக்கிறது. அதற்கு யூனோ என்று பெயர் (ஐ.நா. சபை இல்லை, அது வேறு!). என்னென்ன வேலை செய்யத் தெரியும், ஒவ்வொரு வேலைக்கும் என்ன கொடுக்க வேண்டும், திரும்ப என்ன வரும் என்பதையெல்லாம் எந்தக் கணினி மொழியையும் சாராமல் தனிக் கோப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு இடைமுக விளக்க மொழி, சுருக்கமாக ஐ.டி.எல். என்று பெயர். அதில் வேலை செய்யும் முறை எதுவும் இருக்காது, பட்டியல் மட்டும்தான். உதாரணமாக "செட்ஸ்ட்ரிங்" என்ற வேலை: உள்ளே ஒரு சொற்சரம் கொடுக்க வேண்டும், திரும்ப ஒன்றும் வராது. ஒரே வரி, அவ்வளவுதான்.

இந்தக் கோப்பைப் படித்து, சி++ மொழிக்குத் தேவையான தலைப்புக் கோப்புகளை ஒரு கருவி தானாகவே எழுதித் தரும். இன்னொரு கருவி ஜாவாவுக்கு எழுதித் தரும். பைத்தான் மட்டும் முன்கூட்டி எழுதி வைக்காமல், நிரல் ஓடும்போதே அந்த விவரத்தைப் பார்த்துக்கொள்ளும். இப்படி இரண்டு மொழிகளைச் சேர்த்து வைக்கும் இணைப்பை மனிதர் கையால் எழுதாமல் கருவியே எழுதுகிறது. எல்லாமே மூலச் சாவியிலிருந்து வெட்டியது!

"கையால் எழுதினால் என்ன?" என்று அண்ணனிடம் கேட்டேன். எழுதலாமாம். ஆனால் வேலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது ஒருவர் ஒன்றை மாற்றிவிட்டு இன்னொரு மொழியில் மாற்றாமல் விட்டுவிடுவாராம். அது மட்டுமில்லை, ஒரே வார்த்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு அர்த்தம் உண்டு. "லாங்" என்றால் யூனோ விளக்கக் கோப்பில் 32 பிட் முழு எண். ஜாவாவில் அதே "லாங்" 64 பிட். 64 பிட்டுக்கு யூனோவில் "ஹைப்பர்" என்று பெயர். பெயரைப் பார்த்து அப்படியே எழுதினால் கணக்கு கெட்டுவிடும். கருவிக்கு இந்த வித்தியாசமெல்லாம் முன்பே சொல்லி வைத்திருப்பதால் அது குழம்பாது.

இன்னொரு ஆச்சரியம். அந்தக் கோப்புகளில் கிட்டத்தட்ட எல்லாப் பெயரும் "காம்.சன்.ஸ்டார்" என்றுதான் தொடங்கும். ஸ்டார் டிவிஷன் என்ற ஜெர்மன் நிறுவனம் செய்த மென்பொருள் அது. 1999-ல் சன் நிறுவனம் அதை வாங்கியது. 2000-ல் அது ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரில் திறந்த மூலமானது. 2010-ல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கிவிட்டது. அதே 2010-ல்தான் தன்னார்வலர்கள் பிரிந்து வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். இவ்வளவு நடந்தும் உள்ளே அந்தப் பழைய பெயர் மாறவில்லை. மாற்றினால் உலகம் முழுவதும் அந்தப் பெயரை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும் அல்லவா? "வெளியிடப்பட்டது" என்று குறித்த இடைமுகத்தை மாற்றக் கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி.

சரி, இதை நாமே செய்து பார்க்க முடியுமா? முடியும். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. 2019-ல் வந்த அவள் பாடப்புத்தகத்தில், பைத்தானில் சி++ நிரலைக் கொண்டுவந்து பயன்படுத்துவது பற்றி ஒரு பாடமே இருக்கிறது. அதில் வரும் கருவிகளின் பட்டியலில் ஸ்விக் என்று ஒரு பெயர். அக்காவுக்கு அது ஒரு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். அண்ணன்தான் "இதுவும் அந்த வேலையைத்தான் செய்யுது" என்று சொல்லி, அவர் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார்.

ஸ்விக்கை 1995-ல் எழுதத் தொடங்கியவர் டேவிட் பீஸ்லி. அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்தபோது, இயற்பியல் கணக்குப் போடும் சி நிரல்களை எளிய மொழிகளிலிருந்து இயக்குவதற்காகச் செய்தார். 1996-ல் எல்லோருக்கும் வெளியிட்டார்கள்.

நாங்கள் செய்தது சின்னக் கணக்கு. சி மொழியில் "கூலி" என்று ஒரு செயற்கூறு. நாளையும் ஒரு நாள் சம்பளத்தையும் கொடுத்தால் பெருக்கித் தரும். பிறகு ஓர் இடைமுகக் கோப்பு. அதில் தொகுதியின் பெயர், செயற்கூறின் பெயர், உள்ளே இரண்டு முழு எண், வெளியே ஒரு முழு எண். மொத்தமே நாலைந்து வரி. ஸ்விக்கிடம் "பைத்தானுக்கு" என்று சொல்லிக் கொடுத்தோம். கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு சி கோப்பை எழுதிவிட்டது! அந்தக் கோப்பின் தலையில், "இதில் கை வைக்காதே, மாற்ற வேண்டுமென்றால் இடைமுகக் கோப்பை மாற்று" என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கையையும் எழுதியிருந்தது. ஏனென்றால் அடுத்த முறை கருவியை ஓட்டினால் நாம் கையால் திருத்தியதெல்லாம் அழிந்துவிடும். தாத்தாவிடம் சொன்னேன். "அதத்தான நானும் சொன்னேன்" என்றார்.

அதை நிரல்பெயர்ப்பியில் கொடுத்துவிட்டு, பைத்தானைத் திறந்து ஆறு நாள், 450 ரூபாய் என்று கொடுத்தோம். 2700 என்று வந்தது. அது அம்மாவின் ஒரு வார மில் சம்பளம். பிறகு அதே இடைமுகக் கோப்பை வைத்து "லுவா மொழிக்கு" என்றோம், அதற்கும் எழுதிக் கொடுத்தது.

அப்புறம் வேண்டுமென்றே எண்ணுக்குப் பதிலாக "ஆறு" என்று எழுத்தில் கொடுத்துப் பார்த்தோம். பைத்தான் மறுத்துவிட்டது. ஆனால் சும்மா மறுக்கவில்லை. கூலி என்ற செயற்கூறில், முதலாவதாகக் கொடுத்தது முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று காரணத்தோடு சொன்னது. எந்த இடம், எத்தனாவது, என்ன வேண்டும், மூன்றும் அதில் இருந்தது. அதைப் பார்த்து நான் ரொம்ப நேரம் பேசவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பில் ஓர் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றேன். மாதம் 1000 ரூபாய் வரும். எங்கள் வீட்டில் அது பெரிய தொகை. பத்தாவது முடித்ததும் எங்கள் தெருவில் இரண்டு அக்காமார் மில்லுக்குப் போய்விட்டார்கள். "அந்தப் பணம் வந்துச்சுன்னா நீ பன்னெண்டாவது வரைக்கும் தடையில்லாமப் படிப்ப" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாங்க. ஆனால் விண்ணப்பம் நின்றுவிட்டது. காரணம் "மிஸ்மேட்ச்". அந்த ஒரு வார்த்தைதான். எதில், எந்த எழுத்து, எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அம்மா மில் சம்பளத்தை விட்டுவிட்டு நான்கு நாள் அலைந்தாங்க. ஓர் இடத்தில் இன்னோர் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே திரும்ப முதல் இடத்துக்கே போகச் சொன்னார்கள்.

கடைசியில் நம் வகுப்பு ஆசிரியைதான் எல்லாத் தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி விரல் வைத்துப் பார்த்தார்கள். என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. தமிழில் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரிதான். ஆங்கிலத்தில்தான் ஒன்றில் "இசட் எச்", ஒன்றில் வெறும் "எல்", இன்னொன்றில் முதல் எழுத்துக்குப் பிறகு "ஏ" இரண்டு தடவை. மூன்று பேர் மூன்று காலத்தில் கையால் எழுதியது, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. நகலிலிருந்து நகல்! நாலாவது சாவி திரும்பவில்லை.

ஸ்விக் சொன்ன மாதிரி "மூன்றாவது எழுத்து, எல் இருக்கிறது, இசட் எச் வேண்டும்" என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மாவுக்கு நான்கு நாள் கூலி மிச்சம். 450-ஐ நான்கால் பெருக்க எனக்கு நிரல் தேவையில்லை, 1800 ரூபாய்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கருவியிடம் விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? இதையும் யோசித்தேன். இல்லை. மூலக் கோப்பில் தவறு இருந்தால் கருவி அதே தவறை எல்லா மொழியிலும் அச்சுப் பிசகாமல் எழுதித் தரும். "எல்" என்று முதல் தாளில் இருந்திருந்தால் எல்லாத் தாளிலும் "எல்" என்றே இருந்திருக்கும். பணமும் வந்திருக்கும். ஆனால் என் பெயர் என் பெயராக இருந்திருக்காது. அதனால் முதல் தாளை எழுதும்போது, அந்தப் பெயருக்கு உரியவர் படித்துப் பார்க்க முடிய வேண்டும். நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது அந்தத் தாளை அம்மாவிடம் நீட்டி "சரியா பாத்துக்கம்மா" என்றுதான் கேட்டார்களாம். அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. தலையாட்டினாங்க. வேறென்ன செய்ய முடியும்?

எனவே தோழிகளே, தோழர்களே, ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பில் நம் பெயரைப் பொதுத்தேர்வுக்குப் பதிவு செய்வார்கள். அதற்கு முன்பே உங்கள் தாள்களையெல்லாம் ஒரு நாள் பரப்பி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் இருப்பது சரியா என்று முதலில் பார்த்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுங்கள். ஒன்றைப் பார்த்து ஒன்றைத் திருத்திக்கொண்டே போகாதீர்கள். ந, ற, ழ, ள உள்ள பெயர்க்காரர்கள் கூடுதல் கவனம்! உதவி வேண்டுமானால் மதிய இடைவேளையில் என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

என் பெயரைத் திருத்தியாகிவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்ப அனுப்பியிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் அம்மா இப்போது என் பெயரின் ஏழு ஆங்கில எழுத்தையும் பார்க்காமல் எழுதுவாங்க. மூணாவது இசட், நாலாவது எச். இனிமேல் யார் தாளை நீட்டினாலும் தலையாட்ட மாட்டேன், படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன் என்று சொல்லிவிட்டாங்க.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
அரசுப் பள்ளி, திண்டுக்கல் மாவட்டம்.