பிணம் புதைக்கும் தம்பதி!

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பாயின்ட் ஜூடித் துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் ப்ளாக் ஐலண்ட். எல்லோரும் அங்கே கடலில் குளிக்கப் போகிறார்கள். நான் போனது அழுகிய கோழிக்கறியோடு!

கறி என்னுடையதல்ல. பூச்சியியலில் மேற்படிப்பு படிக்கும் என் சித்தி மகனுடையது. "மூக்கைப் பொத்தாதீங்கண்ணே, ரெண்டு நாள்ல பழகிடும்" என்றான். பழகவில்லை.

அவன் தேடுவது 'அமெரிக்கன் பரியிங் பீட்டில்' என்கிற வண்டு. கறுப்பு உடம்பு, தலைக்குப் பின்னால் ஆரஞ்சுத் தகடு, ஓர் அங்குலத்துக்கு மேல் நீளம். மண்ணில் வாளியைப் பதித்து, உள்ளே கறியை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். ராத்திரி வாடை பிடித்து வந்து விழும். வெயில் ஏறுவதற்குள் போய் எண்ணி, அளந்து, அடையாளமிட்டு விட்டுவிட வேண்டும். பட்டம் வாங்க என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்!

வண்டின் குடித்தனம் அதைவிட சுவாரஸ்யம். செத்த பறவையோ எலியோ, சுமார் நூறு இருநூறு கிராமில் கிடைத்தால் ஆணும் பெண்ணும் சேர்ந்து அதை மண்ணுக்குள் புதைக்கின்றன. இறகை உரித்து, உருண்டையாக்கி, சீக்கிரம் கெடாதபடி எச்சில் பூசுகின்றன. புழுக்கள் பொரிந்ததும் இரண்டுமே வாயில் ஊட்டி வளர்க்கின்றன.

"பூச்சிகள்ல அப்பா ஊட்டி வளர்க்கறது ரொம்ப அபூர்வம்ணே" என்றான் தம்பி. ஆபீஸிலிருந்து வந்ததும் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்ளும் அப்பாக்கள் கவனிக்க!

ஒரு காலத்தில் 35 மாநிலங்களில் இருந்த வண்டு இது. 1989-ல் அழிவுப் பட்டியலில் சேர்த்தபோது, இந்தத் தீவிலும் ஓக்லஹோமா பக்கமும்தான் மிச்சம். காடுகள் துண்டு துண்டாகிப்போக, நரியும் ரக்கூனும் பெருகி, செத்ததையெல்லாம் முதலில் தூக்கிக்கொண்டு போயின என்பது ஒரு முக்கியமான விளக்கம். புதைக்கப் பிணமில்லாவிட்டால் பிள்ளையில்லை.

தீவில் நரி, ரக்கூன் கிடையாது. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ஃபெசன்ட் பறவைகளின் குஞ்சுகள் சரியான எடையில் செத்துக் கிடைக்கின்றன. பிழைத்தது வண்டு!

2015-ல் பள்ளிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால், ரோட் ஐலண்ட் இதையே மாநிலப் பூச்சி ஆக்கியது. 2020-ல் மத்திய அரசு இதை அழிவுப் பட்டியலில் ஒரு படி இறக்கியது.

"பாஸ் பண்ணிட்டதா அர்த்தமாப்பா?"

"இல்லண்ணே. ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்திருக்கு. அவ்வளவுதான்" என்றபடி, வாளியிலிருந்த ஒன்றைப் புல்லில் இறக்கிவிட்டான். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், வேலை இருந்திருக்கும்!