ஐயாவின் பன்னிரண்டாவது காலடி

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவை நண்பர்கள் வந்தபோது, "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே குவிஞ்சு கிடக்கு. வேற ஏதாவது உருப்படியா எழுது" என்றார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று லேத், இன்னொன்று கம்பு. லேத்தைப் பற்றி எழுத நம் துறையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே கம்பைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில் ஒரு சின்ன கிராமம். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். என் ஐயா சிலம்ப வாத்தியார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனால் திருவிழாவில் சாமி புறப்படுவதற்கு முன்னால் ஐயாவின் கம்பு புறப்பட்டாக வேண்டும்.

ஏழு வயதில் என் கையில் கம்பைக் கொடுத்தார். பத்தாம் வகுப்பு வந்ததும் அப்பா அதைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார். "கம்பு சோறு போடாதுடா, படி!" அப்பா சொன்னதில் தப்பில்லை. படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஐயாவிடம் மொத்தம் 18 காலடி உண்டு. அதில் ஐந்தோடு நின்றுபோன ஆளும் நான்தான்.

சிலம்பம் என்றாலே சினிமாவில் பார்த்த சுற்றல்தான் பலருக்கும் ஞாபகம் வரும். சுற்றுவது வெறும் ஆரம்பம். ஆடுகிறவனின் புருவ மட்டத்துக்குக் கம்பு வேண்டும். எனக்கு ஐந்தரை அடி. கல்மூங்கிலை வெட்டி, நிழலில் காயப்போட்டு, அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி வைப்பார் ஐயா. களத்தில் இறங்கியதும் முதலில் சலாம் வரிசை. மண்ணுக்கும் வாத்தியாருக்கும் எதிராளிக்கும் வணக்கம். அதன் பிறகுதான் வீச்சு, வெட்டு, குத்து, தட்டு எல்லாம். இத்தனைக்கும் அடிப்படை காலடி. எந்தக் காலை எங்கே வைப்பது, எப்போது உடம்பைத் திருப்புவது என்ற கணக்கு அது. "அடி கையில இல்லடா, காலுல இருக்கு" என்பார்.

இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது இங்கே அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்த பிறகுதான். ஐந்தரை அடிக் கம்பின் கால் பாகத்தில் பிடித்து, வினாடிக்கு மூன்று சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நுனியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 24 மீட்டர். அதாவது மணிக்கு 85 கிலோமீட்டர்! பஸ் வேகம்! ஆனால் பிடித்த கைக்கும் நுனிக்கும் நடுவில் வேகம் பாதிதான். கைக்குப் பக்கத்தில் இன்னும் குறைவு. அதனால்தான் ஐயா, "நுனிக்குப் பயந்தா பின்னாடி ஓடாத, கைக்குள்ள போ" என்று கத்துவார். பின்னால் போகிறவன் நுனியில் மாட்டுவான். குறுக்கே ஓர் அடி வைத்து உள்ளே புகுகிறவன் தப்பிப்பான். பத்து வயதில் முட்டியில் வாங்கிய அடிக்கு 17 வயதில் சூத்திரம் கிடைத்தது!

போன வருஷம் விடுதியில் நண்பன் ஒருவன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். ஐரோப்பாக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு நீள வாளோடு மோதுகிறார்கள். சினிமாச் சண்டை மாதிரி இல்லை. என் கண் அவர்கள் காலில்தான் போய் நின்றது. குறுக்கே ஓர் அடி வைத்து, உடம்பைத் திருப்பி, எதிராளியின் கைக்குள் புகுகிறார்கள். அட, நம்ம ஐயா கால்!

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அந்த நீள வாள் ஒன்றரைக் கிலோகூட இருக்காதாம். அந்த வித்தை அங்கே நடுவில் அற்றுப்போய்விட்டது. துப்பாக்கி வந்தது, வாளுக்கு வேலை போனது, வாத்தியார்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் எழுதி வைத்தது மிஞ்சியது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஆயுதக் காட்சியகத்தின் தொகுப்பில் ஏறக்குறைய 700 வருஷத்துக் கையெழுத்து நூல் ஒன்று இருக்கிறது. ஒரு பாதிரியார் சீடனுக்கு வாளும் சிறு கேடயமும் பிடிக்கக் கற்றுத் தருவது பக்கம் பக்கமாகப் படமாக இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண்ணும் வாள் பிடிக்கிறாள். ஜெர்மனியில் தால்ஹோஃபர் என்ற வாத்தியாரின் 1467-ஆம் ஆண்டுப் படங்களில் வாளின் அலகையே இரண்டு கையாலும் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தால் சம்மட்டி மாதிரி அடிக்கிறார்கள். கவசம் போட்டவனை வெட்டினால் வெட்டு ஏறாது, அதற்காக! 1570-இல் இப்படி ஒரு பெரிய புத்தகத்தை அச்சிட்ட யோவாகிம் மேயர் தொழிலால் கத்தி செய்பவர். நம்மைப் போலப் பட்டறைக்காரர்! இந்தப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு அங்கே பிள்ளைகள் அந்த வித்தையை மறுபடி எழுப்புகிறார்கள்.

படித்து முடித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அங்கே வாத்தியார் இல்லை, புத்தகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு வரி எழுத்து இல்லை.

எங்கள் சீமைக்கே இது பழைய நஷ்டம். சின்ன மருது வளரி எறிவதில் மன்னன் என்று ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். அதை எழுத்தில் வைத்தது யார் தெரியுமா? ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி. 1795-இல் சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொண்டவர். 1801-இல் அதே மருதுவை எதிர்த்துச் சண்டைக்கு வந்தவர். 1830-இல் வெளிவந்த புத்தகத்தில், தேர்ந்த கை எறிந்தால் நூறு கெஜத்துக்குள் வளரி குறி தப்பாது என்று எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கும்பெனியின் அறிவிப்பு வந்தது. நம் வாத்தியாரின் திறமைக்குச் சாட்சி, எதிரி எழுதிய வரிகள்!

போன மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். ஐயாவுக்கு முழங்கால் போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருப் பிள்ளைகள் கம்பு சுற்றும் சத்தத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். "இடது கை தளருது பாரு, சத்தம் விட்டு விட்டு வருது" என்கிறார், அந்தப் பக்கம் திரும்பாமலே!

"ஐயா, காலடி எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிறேன், சொல்லுங்க" என்றேன்.

"எழுதி வச்சா எவன் வேணாலும் எடுத்துக்குவான். ஆளைப் பார்த்துக் குடுக்குற வித்தை அப்பு இது."

அப்போது அவரிடம் லீஹ்டனாவர் கதையைச் சொன்னேன். அவர் பழைய ஜெர்மன் வாத்தியார். கண்டவனுக்கும் புரியக்கூடாது என்று தன் வித்தையை மறைபொருளாகப் பாட்டில் கட்டி வைத்தாராம். ஐயா ரொம்ப நேரம் சிரித்தார். "அவனும் நம்மாளுதான் போலருக்கு. சரி, எழுது. வர்மத்துல போற அடி மூணை மட்டும் எழுதப்படாது." ஒப்புக்கொண்டேன்.

இன்ஜினியரிங் டிராயிங் தாளில், 1:10 அளவில், மேலிருந்து பார்க்கும் தோற்றமாக முதல் காலடியை வரைந்து காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எறும்புதான் ஆடும்" என்றார். பிறகு அப்பத்தாவிடம் கோலமாவு வாங்கி, களத்தில் முழு அளவில் பாதங்களை வரைந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்து பார்த்தார். மூன்றாவது பாதத்தில் நின்றுவிட்டார். "குதிகால் திரும்பணும். அது எங்கே? பாரம் எந்தக் காலுல?" அன்றைக்கே குறிகளை மாற்றினேன். பாரம் தாங்கும் பாதத்துக்கு முழுக்கறுப்பு, தாங்காததற்கு வெறும் கோடு, குதிகாலுக்கு அம்புக்குறி.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஐயாவால் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை. "நாலாவது அடி எங்கே?" என்றால் யோசிப்பார், வராது. எழுந்து நடந்தால் கால் தானாகப் போகும். அந்தக் காலடிகள் அவர் காலில்தான் இருந்தன. அந்தக் காலோ ஓய்ந்துகொண்டிருந்தது. தினமும் காலை வெயில் ஏறுவதற்குள் அவரைத் தாங்கிப் பிடித்து நடப்பேன். இரண்டு அடி நடந்தால் உட்கார வேண்டும். ஒரு காலடி எழுத இரண்டு நாள் ஆனது. அப்பாவும் சூளையிலிருந்து வந்த சாயங்காலங்களில் இன்னொரு பக்கம் தாங்கிப் பிடித்தார். கம்பைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அப்பாதான்.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதில் மூன்றாம் அடி வைத்தார். நான்காவதற்குக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். முழங்கால் மடங்க மறுத்தது. "இங்கனதான்டா இருந்துச்சு..." என்றார். மறுநாளும் பார்த்தோம். அதற்கு அடுத்த நாளும் பார்த்தோம். வரவில்லை. பதின்மூன்றாவதிலிருந்து பதினெட்டு வரை பேர் மட்டும் எழுதிக்கொண்டேன். பத்தாம் வகுப்போடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமையாவது போய் ஆடியிருந்தால், அந்த ஏழும் இன்றைக்கு என் காலில் இருந்திருக்கும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் போட்டிக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே விதி. ஒவ்வொரு வாத்தியாரின் வீட்டுக் காலடியும் தனி. அதை அந்தந்த வீட்டுப் பிள்ளைதான் காப்பாற்ற வேண்டும்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் படிக்காத ஒரு மேதை இருப்பார். ஏர் பிடிக்கிறவர், வலை பின்னுகிறவர், பிரசவம் பார்க்கிற பாட்டி. உங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படித்தவர் நீங்களானால், இந்த விடுமுறைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஊருக்குப் போங்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்காதீர்கள். கூடவே வேலை செய்துகொண்டே கேளுங்கள்.

என் நோட்டில் பன்னிரண்டாம் காலடியில் மூன்று பாதம் வரைந்து மிச்சத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். ஐயாவுக்கு முட்டியில் பிடித்துவிடத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.