அறை கூட்டுகிறவளுக்குச் சந்தோசம்

கொட்டாஞ்சேனையில் 'டிப்ஸ்' என்ற சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. 'சந்தோசம்' என்றுதான் சொல்வோம். என்னோடு வேலை செய்த சிங்கள அக்காவும் அதே சொல்லைத்தான் சொல்லுவா. விசா அலுவலாக, கண்ணாஸ்பத்திரிக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையைப் பார்க்க என்று வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து லொட்ஜில் தங்குகிற எங்கள் பெண்களுக்கு, இந்தச் சந்தோசத்தை யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்பதில் பெரிய தடுமாற்றம் உண்டு. கொடுக்காவிட்டால் மரியாதையில்லையோ, கொஞ்சமாகக் கொடுத்தால் சிரிப்பார்களோ என்று யோசிப்பார்கள். 2003ஆம் ஆண்டு முதல் ஒன்பது வருடம் ஒரு லொட்ஜில் அறை கூட்டியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அறை கூட்டுகிறவளை அநேகமாக யாரும் காண்பதில்லை. நீங்கள் வெளியே போன பிறகுதான் அவள் தும்புத்தடியும் வாளியுமாக உள்ளே வருவாள். நீங்கள் வெளிக்கிடும் நாளில் வாசலில் நிற்பவன் பை தூக்கும் பொடியன். காசு அவன் கைக்குப் போகும். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனும் கஷ்டப்பட்டவன்தான். ஆனால் கழிவறை கழுவியவள் அவனில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளுக்குள் பொலிசார் வந்து, தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். 376 பேர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்கால உத்தரவு போட்டது. அன்று காலை நான் வேலைக்குப் போனபோது மேல்மாடி அறைகள் திறந்தபடி கிடந்தன. ஓர் அறையில் மட்டும் கட்டில் விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலையணைக்குக் கீழே 50 ரூபா. மகளிடம் போவதற்கு விசா பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் அறை அது. உத்தரவுக்குப் பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். அந்த அம்மாவை நான் பிறகு காணவில்லை. காசை அன்றைக்கே அரிசிக்குக் கொடுத்துவிட்டேன். எடுத்து வைத்திருக்க வசதியில்லை.

போர் முடிந்த பிறகு வெளிநாட்டுச் சனம் வரத் தொடங்கியது. நல்ல மனதோடு மேசையில் சில்லறை வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பவுண், இரண்டு யூரோ, இரண்டு கனடா டொலர் எல்லாம் அங்கே குற்றிதான், தாள் அல்ல. சுவிஸில் ஐந்து பிராங்கே குற்றி. இங்கே வங்கியிலும் காசு மாற்றும் கடையிலும் தாளைத்தான் வாங்குவார்கள். என்னிடம் ஒரு பால்மா ரின் நிறையக் குற்றி சேர்ந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு மாத வீட்டு வாடகை, கையில் பார்த்தால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். உங்கள் சொந்தக்காரர் வந்தால் இதைச் சொல்லுங்கள். 100 ரூபாத் தாள் ஒன்று அதைவிட மேல்.

பெரிய ஹொட்டேல்களில் பில்லில் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் என்று போட்டிருக்கும். அதைக் கட்டினால் மேலே கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அது வேலையாட்களுக்குப் பிரிக்கப்படுகிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. லண்டனில் 2024 ஒக்டோபர் 1 முதல், அப்படிச் சேரும் காசு முழுவதையும் வேலையாட்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் கதை வேறு. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மணிக்கு 2.13 டொலர் கூலி போதும் என்று மத்திய சட்டம் 1991 முதல் விட்டிருக்கிறது, மிச்சத்தை டிப்ஸ் நிரப்ப வேண்டும். பல மாநிலங்கள் அதைக் கூட்டியிருக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு என் முதலாளியின் ஞாபகம் வந்தது. சம்பளம் கூட்டிக் கேட்டால், "உனக்குத்தான் சந்தோசம் வருதே பிள்ளை, பிறகென்ன?" என்பார். சந்தோசம் சம்பளமல்ல. இங்கே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2016இல் வந்தது. அந்தத் தொகை 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. சேமலாப நிதிக்கு எங்களிடம் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் போடுவது சம்பளத்துக்குத்தான். தலையணைக்குக் கீழே கிடைக்கும் காசு எவ்வளவு சேர்ந்தாலும் முதுமைக்கு ஒரு சதம் சேராது. லொட்ஜ் வேலைக்குப் போகும் சகோதரிகள் முதலில் சம்பளத்தைப் பேசுங்கள், சேமலாப நிதி இலக்கத்தையும் கேளுங்கள்.

இன்னொன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளிப்போகிறவரோ, கந்தோரில் பைல் தேடுகிறவரோ சந்தோசம் கேட்டால் அது சந்தோசமில்லை, இலஞ்சம். வேலை நடப்பதற்கு முன்னே கேட்பதிலிருந்தே தெரிந்துவிடும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

எவ்வளவு என்று கேட்பீர்கள். லொட்ஜில் இரண்டு மூன்று நாள் தங்கினால் 100, 200 ரூபா தாராளம். இல்லாதவர்கள் கொடுக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த சனத்திடம் நாங்கள் எதிர்பார்ப்பதுமில்லை. மேசையில் விட்டால் மறந்துபோன காசோ என்று எங்களுக்குப் பயம், களவுப் பட்டம் வந்துவிடும். கையில் கொடுங்கள், முடியாவிட்டால் ஒரு துண்டில் 'அறை கூட்டுகிறவருக்கு' என்று எழுதி அதற்குள் மடித்து வையுங்கள். வெளிக்கிடும்போது வாசலில் நிற்கும் பொடியனிடம் "அறை கூட்டுற அக்கா எங்கை தம்பி?" என்று கேட்டால் கூப்பிட்டு விடுவான். அநேகமாகப் பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியடியில் விரிப்புத் தோய்த்துக்கொண்டு நிற்பாள்.